தெப்பமே சரக்கு

ஸ்பெயினின் வடக்கே பிரெனீஸ் மலைச்சரிவில் ரொன்கால் பள்ளத்தாக்கு. பைனும் ஃபிர்ரும் அடர்ந்த காடு. ஒரு காலத்தில் அங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை. வெளியே கொண்டுபோகத்தான் வழியில்லை. ஆகவே ஆற்றிலேயே அனுப்பினார்கள். எஸ்கா ஆற்றில் இறங்கிய மரம், அரகோன் ஆற்றைப் பிடித்து, எப்ரோ வழியாகச் சரகோசா நகரத்துக்குப் போகும். சில, கடலை நெருங்கிய தொர்தோசா வரை போனதுண்டு.

மரத்தைச் சும்மா உருட்டிவிட்டால் பாறையில் சிக்கும், கண்ட கரையில் ஒதுங்கும். அதனால் தெப்பமாகக் கட்டினார்கள். கயிறும் காட்டிலிருந்தே வந்தது. ஹேசல் மரத்தின் இளங்கொம்பை ஊறவைத்து, ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்குவார்கள். நார் பிரிந்து கொம்பு துவளும். அடிமரங்களின் நுனியில் துளையிட்டு, இந்த முறுக்குக்கொம்பை நுழைத்து, குறுக்குக் கட்டையோடு பிணைப்பார்கள். இப்படிக் கட்டிய பல துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் தளர்வாகவே கோப்பார்கள். அந்தத் தளர்வில்தான் சூட்சுமம்: விறைப்பாகக் கட்டினால் முதல் வளைவிலேயே உடையும், தளர்ந்திருந்தால் ரயில்பெட்டிகள் போலத் திரும்பும்.

முன்னே துடுப்போடு நிற்பவர் வழிகாட்டி, பின்னே நிற்பவர் வால் பார்ப்பவர். தடுப்பணை வந்தால் தெப்பம் செல்லவென்று விட்ட இடைவெளியில் தலைகுப்புற இறங்கும். முன்துண்டு தண்ணீருக்குள் முங்கி எழும். அதில் நிற்பவரும் நனைந்துதான் எழுவார். ஆட்டுத்தோல் மேலாடைதான் பாதுகாப்பு. அதுவும் மழைநீரும் பனியுருகிய நீரும் புரளும் பருவத்தில்! சாகசம் என்று இன்று படம் பிடிக்கிறார்கள். அன்றைய தெப்பக்காரர்களுக்கு அது கூலி வேலை.

போன இடத்தில் தெப்பத்தைப் பிரித்து மரத்தை ஒப்படைத்ததும் படகும் இல்லை, சரக்கும் இல்லை. கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு நடந்தே திரும்ப வேண்டும்.

சாலையும் லாரியும் வந்ததும் தொழில் மெலிந்தது. 1952-இல் கடைசி வணிகத் தெப்பம் போனது. சில ஆண்டுகளில் அரகோன் ஆற்றில் யேசா அணை எழும்பி, எஸ்கா அதில் வந்து சேரும் இடத்தையே நீர்த்தேக்கமாக்கிவிட்டது. இனி யாராவது விரும்பினாலும் சரகோசாவுக்கு மிதந்துபோக முடியாது.

ஆனாலும் கைப்பழக்கம் அற்றுப்போகவில்லை. எஸ்கா கரையிலுள்ள புர்கி ஊர்க்காரர்கள் 1992 முதல் தெப்பத் திருவிழா நடத்துகிறார்கள். முதியவர்களிடம் கேட்டறிந்து பழைய முறையிலேயே கட்டுகிறார்கள். 2022-இல் ஸ்பெயின், ஆஸ்திரியா, செக் குடியரசு, ஜெர்மனி, லாட்வியா, போலந்து ஆகிய ஆறு நாடுகளின் தெப்பக்கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. புர்கியின் தெப்பங்கள் இப்போது ஊர்த் தடுப்பணையைத் தாண்டி, பழைய கல்பாலத்தருகே வந்து கரை சேர்கின்றன. மரம் விற்பதற்கல்ல.