அக்கா போட்ட பேப்பர்!

திருவிடைமருதூர் மகாலிங்க ஸ்வாமி கோயிலுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போனீர்களானால், உள்ளூர்க்காரர் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: ''தரிசனம் முடிச்சுட்டு வந்த வழியே திரும்பிடாதீங்க சார். வேற வாசல் வழியா போயிடுங்க!''

காரணம், வரகுண பாண்டியன். தெரியாமல் ஓர் அந்தணர் சாவுக்குக் காரணமாகிவிட்ட அந்த ராஜாவைப் பிரம்மஹத்தி விடாமல் துரத்தி வந்ததாம். ராஜா கோயிலுக்குள் நுழைந்ததும் அதனால் உள்ளே வர முடியவில்லை. 'வெளியே வந்துதானே ஆகணும்' என்று கிழக்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. ராஜாவோ மேற்கு வாசல் வழியாக நடையைக் கட்டிவிட்டார்! பிரம்மஹத்தி இன்னமும் அங்கேயே காத்திருப்பதாக ஐதீகம்.

இந்தப் பக்கத்தில் பிரம்மஹத்திக்கு அடுத்தபடியாகப் பொறுமையாகக் காத்திருப்பது யார் தெரியுமா? 'அக்கா பேப்பர் போட்டிருக்கா' கோஷ்டி!

அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட அக்காவோ அண்ணனோ, ஊரில் இருக்கும் தம்பி தங்கைக்கு க்ரீன் கார்டு கேட்டு மனு போடுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். சட்டத்தில் இதற்குப் பெயர் எஃப்-4. பேப்பர் போட்ட வருஷம் பையனுக்குக் காது குத்தியிருப்பார்கள். இப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். க்யூ மட்டும் நகர்ந்தபாடில்லை.

ஒரு காலத்தில் இந்தக் க்யூவே கிடையாது. 1946-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறே நூறு இடம்தான். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் மகள் சியாமளா 1958-இல் பெர்க்லிக்குப் போனதும் மாணவியாகத்தான். (அவர் பெண்தான் பின்னாளில் துணை அதிபரான கமலா ஹாரிஸ்.) 1965 அக்டோபர் 3-ம் தேதி, சுதந்திர தேவி சிலையடியில் உட்கார்ந்து அதிபர் லிண்டன் ஜான்சன் போட்ட கையெழுத்துதான் கதவைத் திறந்தது. உடன்பிறந்தவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் சலுகைக்கு அந்தச் சட்டத்தில் பெரிய இடம். ஐரோப்பியர்கள்தான் அண்ணன் தம்பிகளைக் கூப்பிடப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டார்கள். நம் வீடுகளில் எத்தனை அண்ணன் தம்பி என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை!

உலகம் பூராவுக்குமாகச் சேர்த்து இந்தக் க்யூவில் வருஷத்துக்கு 65,000 இடம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு வேறு. கணக்குப் பார்த்தால் இந்தியாவுக்குச் சுமார் நாலாயிரத்து ஐந்நூறு. தம்பி, தம்பி மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் அதிலேயே நாலு இடம் காலி. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் 'விசா புல்லட்டின்'தான் இவர்களுக்குப் பஞ்சாங்கம். 2025-இல் அந்தப் பஞ்சாங்கம் இந்தியர்களில் 2006-இல் மனு போட்டவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சில சமயம் தேதி பின்னாலும் போகும். கிரகம் மட்டும்தான் வக்ரமாகும் என்று யார் சொன்னது?

''சரி, அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்? பேப்பர்தான் இருக்கே... அதைக் காட்டி அங்கே போய் ஏதாவது வேலை பார்த்துக்கிட்டே காத்திருக்கலாமே?''

முடியாது! பஸ் ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான் அந்தப் பேப்பர். இடம் நம்முடையது, சரி. டிரைவர் வராமல் பஸ் கிளம்பாதே! காத்திருப்பவர்களுக்கென்றே 2000 டிசம்பரில் 'வி' விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலையும் பார்க்கலாம். ஆனால் க்ரீன் கார்டுக்காரர்களின் கணவன், மனைவி, குழந்தைகளுக்கு மட்டும்; அதுவும் அந்த டிசம்பர் 21-க்குள் மனு போட்டிருந்தால் மட்டும். தம்பிமார்களுக்கு நாமம்தான்.

ஆக, சொந்தக் காலில்தான் போயாக வேண்டும். பெரும்பாலோருக்கு இருக்கும் வழி இரண்டு: ஹெச்-1பி, எல்-1. டூரிஸ்ட், மாணவர் விசாக்களுக்கெல்லாம் 'நான் ஊருக்குத் திரும்பிடுவேன்' என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை. இன்றைக்கு வேலை, நாளைக்குக் குடியேற்றம் என்று ஒரே மனசில் இரண்டு ஆசை வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அக்கா பேப்பர் இதற்கு உதவாது. ஆனால் குறுக்கேயும் நிற்காது.

ஹெச்-1பிக்குப் பட்டப்படிப்பு தேவைப்படுகிற வேலையும், கூப்பிட ஒரு கம்பெனியும் வேண்டும். வருஷத்துக்கு 65,000 இடம். அமெரிக்காவிலேயே முதுகலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு இன்னொரு 20,000. மனுக்கள் அதிகம் என்பதால் குலுக்கல். போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் அதிபர் ட்ரம்ப், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஓராண்டு காலத்துக்கு அறிவித்தார். தம்பிக்காக அவ்வளவு அழ எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று. ஹெச்-1பி மொத்தம் ஆறு வருஷம்தான். 'நம்ம ஆபீஸ்லேயே ஒருத்தர் பன்னிரண்டு வருஷமா அதிலேயே இருக்காரே' என்பீர்கள். அவருக்குக் கம்பெனியே க்ரீன் கார்டு மனு போட்டிருக்கும். அந்த வகைக்குத்தான் நீட்டிப்பு. அக்கா போட்ட பேப்பரைக் காட்டி ஒரு நாள்கூட நீட்ட முடியாது. பத்தொன்பது வருஷக் க்யூவுக்கு ஆறு வருஷ விசா... கயிறு குட்டை, கிணறு ஆழம்! கூடப் போகும் மனைவி வேலை பார்ப்பதும் அப்படித்தான். கம்பெனி மனு இருந்தால்தான் வழி உண்டு.

எல்-1 என்பது, இங்கே வேலை பார்க்கும் கம்பெனி தன் அமெரிக்க ஆபீஸுக்கு மாற்றி அனுப்புவது. குறைந்தது ஒரு வருஷ ஸர்வீஸ் வேண்டும். குலுக்கல் கிடையாது. மானேஜராகப் போனால் ஏழு வருஷம், விசேஷ ஞானம் உள்ளவராகப் போனால் ஐந்து. மனைவியும் வேலை பார்க்கலாம். சென்னையில் பன்னாட்டுக் கம்பெனியில் இருக்கும் டெல்டா பிள்ளைகளுக்கு என்னைக் கேட்டால் இதுதான் தேவலை.

இதெல்லாம் வேண்டாம், அக்காவைப் பார்த்துவிட்டு வர டூரிஸ்ட் விசா போதும் என்கிறீர்களா? அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா? 'இல்லைன்னு போடு, அவனுக்கு எங்கே தெரியப் போறது' என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருப்பார். அவனுக்குத் தெரியும். ஃபைலே அவனிடம்தானே இருக்கிறது! 'ஆமாம்' என்று எழுதினால் சந்தேகப்பட்டு மறுக்கலாம். அடுத்த வருஷம் மறுபடி கேட்கலாம். பொய் சொல்லி மாட்டினால் ஆயுசுக்கும் கதவு சாத்தப்படலாம்; க்யூவில் நின்ற வருஷங்களும் வீண்.

வேலை விசாவில் ஒழுங்காக அங்கே இருக்கும்போதே டர்ன் வந்துவிட்டால் யோகம். மும்பைக்கு இண்டர்வியூவுக்கு வர வேண்டியதில்லை. அங்கிருந்தபடியே க்ரீன் கார்டுக்கு மாறலாம். கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறிய பாண்டியன் மாதிரி!

ஆனால் உண்மையில் வயிற்றைக் கலக்குவது விசா இல்லை, குழந்தைகளின் வயசு. 21 முடிந்தால் அப்பா பேப்பரில் பிள்ளைக்கு இடமில்லை. 2002-இல் வந்த ஒரு சட்டம் கொஞ்சம் கருணை காட்டுகிறது: மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயசிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2006-இல் மனு போடும்போது மூத்தவளுக்கு எட்டு, இளையவனுக்கு மூன்று; மனு நாலு வருஷம் கிடந்து அங்கீகாரமானது என்று வையுங்கள். 2025-இல் டர்ன் வரும்போது அவளுக்கு 27. நாலு போனால் 23 - அவுட். அவனுக்கு 22, நாலு போனால் 18 - உள்ளே. ஒரே வீட்டில் தம்பிக்கு டிக்கெட், அக்காவுக்கு டாட்டா! 'அந்த ஆபீஸ்காரன் இன்னும் மூணு வருஷம் தூங்கியிருக்கக் கூடாதா' என்று அம்மாக்கள் புலம்புவது இதனால்தான். தம்பியும் கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. க்ரீன் கார்டு மட்டுமே வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ கல்யாணமாகாத பிள்ளைக்கு மனு போட்டிருந்தால், வைகாசி முகூர்த்தத்தில் அவன் தாலி கட்டின நிமிஷமே மனு செத்தது. அம்மா முதலில் பிரஜையாகிவிட்டு, பிறகு கெட்டிமேளம் கொட்டினால் பிழைக்கும். க்யூ மட்டும் இன்னும் நீளமானதாக மாறும். சத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய பொருத்தம் இது!

அப்புறம், டர்ன் வந்ததாக வரும் அறிவிப்புக்கு ஒரு வருஷத்துக்குள் பதில் போகாவிட்டால் ஃபைலை மூடிவிடலாம். 2006-இல் கொடுத்த விலாசத்தில் இன்றைக்கு யார் குடியிருக்கிறார்களோ? மனு போட்டவர் காலமாகிவிட்டாலோ, மனுவும் பொதுவாக அவரோடு போய்விடும். ஏற்கெனவே அங்கீகாரமான மனு என்றால் மனிதாபிமான அடிப்படையில் உயிர் கொடுங்கள் என்று கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பேப்பர் போட்டபோது நாற்பதுகளில் இருந்த அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அந்த ரசீது நம்பர் எழுதிய காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.