நட்சத்திரங்களின் சந்தை: இணைய மதிப்புரைகளும் சிறு வணிகரும்

மதிப்புரை என்னும் சொல் நம்மிடையே நீண்டகாலமாக நூல்களோடு தொடர்புபட்டே வழங்கி வந்துள்ளது. நூலொன்றை வாசித்தவர் அதன் தகுதி, தகுதியின்மைகளை எடுத்துரைத்துத் தமது பெயரையும் இட்டு வெளியிடுவதே மதிப்புரை என நாம் கொண்டோம். கடந்த கால் நூற்றாண்டில் இச்சொல்லின் பொருட்பரப்புப் பெரிதும் விரிந்துவிட்டது. உணவுச்சாலையில் உண்டவர், விடுதியில் ஓரிரவு தங்கியவர், சவர்க்காரக் கட்டியொன்றை வாங்கியவர் என எவரும் ஒன்று முதல் ஐந்து வரையான நட்சத்திரங்களை வழங்கி, அவற்றின் அடியில் இரண்டொரு வரிகள் எழுதுவதும் இன்று மதிப்புரையே. 2000 ஆம் ஆண்டில் ட்ரிப் அட்வைசரும் 2004 இல் யெல்ப்பும் தோன்றியதைத் தொடர்ந்து, இவ்வகை எழுத்து வணிக உலகின் அன்றாட நிகழ்வாயிற்று.

இம்மதிப்புரைகளுட் பல பொய்யானவை என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயின், இப்பொய்ம்மை பெரும்பாலும் தனிமனித ஒழுக்கக் குறைபாடாகவே விளக்கப்படுகின்றது. பேராசை கொண்ட வணிகர் சிலரும், பொறாமை கொண்ட போட்டியாளர் சிலரும், விஷமிகள் சிலரும் செய்யும் தீங்கு என்பதே பொதுவான கருத்து. இக்கருத்து முழுமையானதன்று. பொய் மதிப்புரை என்பது விலை குறிக்கப்பட்டு, கூலிக்கு எழுதுவிக்கப்பட்டு, சந்தையில் விற்கப்படும் ஒரு பண்டமாகும். அப்பண்டத்துக்கான தேவை எங்கிருந்து எழுகின்றது என்பதை நோக்காது அதனைக் கட்டுப்படுத்த முனைவது பயனற்றது.

முதலில் அதன் விலையை நோக்குவோம். 2013 செப்ரெம்பரில் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகம், ஒரு வருடகால விசாரணையின் முடிவுகளை வெளியிட்டது. அலுவலர்கள் புரூக்ளின் பகுதியில் தயிர்க்கடை நடத்துபவர்களைப் போல நடித்து, இணையத்தில் நற்பெயர் தேடித்தருவதாக விளம்பரம் செய்துவந்த நிறுவனங்களை அணுகினர். தமது கடையைப் பற்றி வாடிக்கையாளர் குறைகூறி எழுதியுள்ளனர், என்ன செய்யலாம் எனக் கேட்டனர். புகழ்ந்து எழுதித் தருகிறோம் என்று நிறுவனங்கள் சில முன்வந்தன. விசாரணை முடிவில் 19 கம்பனிகள் இத்தொழிலை நிறுத்த உடன்பட்டு, மொத்தம் 350,000 டொலருக்கு மேல் தண்டம் செலுத்தின. பிலிப்பைன்ஸ், பங்களாதேசம், கிழக்கு ஐரோப்பா ஆகிய இடங்களில் இருந்தோரே இம்மதிப்புரைகளிற் பலவற்றை எழுதினர் என்பதும், மதிப்புரை ஒன்றுக்கு 1 டொலர் முதல் 10 டொலர் வரை வழங்கப்பட்டது என்பதும் அப்போது வெளிவந்தன. நியூயோர்க் நகரின் தெருவொன்றில் இருக்கும் கடையின் உபசாரத்தைப் புகழ்ந்தவர், அக்கடையை மட்டுமன்றி அந்நகரையே கண்டிராதவர். ஆடைத் தொழிலிலே துண்டுக்கணக்கில் கூலி பெறும் தொழிலாளியின் நிலைக்கும் இவரது நிலைக்கும் அடிப்படையில் வேறுபாடு அதிகமில்லை.

இலண்டனிலும் இக்கூலி எழுத்து நிகழ்ந்தது. ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், உணவுச்சாலைகளைப் புகழ்ந்து ஒவ்வொன்றும் 10 பவுண் வீதம் தாம் எழுதி வந்ததாகப் பின்னர் தாமே கூறினார். அவர் 2017 இல் தெற்கு இலண்டனில் தாம் வசித்த தோட்டக் கொட்டிலையே ஓர் உணவுச்சாலையாக ட்ரிப் அட்வைசரில் பதிவுசெய்தார். சவர நுரை முதலியவற்றைக் கொண்டு உணவுபோல் அமைத்துப் படம்பிடித்தார். நண்பர்கள் புகழ்ந்து எழுதினர். இடமொதுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் இடமில்லை என்றே விடை கூறப்பட்டது. ஒருவருக்கேனும் ஒரு கவளம் பரிமாறப்படு முன்னரே, அவ்வாண்டு நவம்பரில், இலண்டனின் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உணவுச்சாலைகளுள் அக்கொட்டில் முதலிடம் பெற்றது. இது வேடிக்கையாகவே பரவலாகப் பேசப்பட்டது. வேடிக்கைக்கு அப்பால் ஓர் உண்மையும் இதிலுண்டு. உண்ட உணவுக்கும் வழங்கப்பட்ட நட்சத்திரத்துக்கும் இடையே இருக்கவேண்டிய தொடர்பு முற்றாக அறுந்த பின்னரும் நட்சத்திரம் தன் மதிப்பை இழக்கவில்லை.

இனி, இப்பண்டத்தை வாங்குவோர் யாவர் என்னும் வினாவுக்கு வருவோம். ஹாவார்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கல் லூக்கா, சியற்றில் நகர உணவுச்சாலைகளின் வருமானப் பதிவுகளையும் யெல்ப் தரவுகளையும் ஒப்பிட்டு 2011 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடுதல், வருமானத்தில் 5 முதல் 9 சதவீத உயர்வைத் தருவதாக அவர் கண்டார். ஆயின், இவ்விளைவு தனியார் நடத்தும் தனிக்கடைகளுக்கே உரியதாகக் காணப்பட்டது. நாடெங்கும் கிளைபரப்பிய பெருநிறுவன உணவுச்சாலைகளின் வருமானத்தை நட்சத்திரங்கள் பாதிக்கவில்லை. அவற்றின் பெயரே அவற்றுக்கு விளம்பரம். எவ்வூரிலும் ஒரே சுவை என்பதை வாடிக்கையாளர் முன்னரே அறிவர். சிறு கடைக்கு அந்த முதலீடு இல்லை. முன்பின் தெரியாதவர் எழுதும் இரண்டு வரியே அதற்குப் பெயரும் முகவரியும் ஆகின்றது.

லூக்காவும் ஜோர்ஜியோஸ் சேர்வாஸும் 2016 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதன் தொடர்ச்சியாகும். பொஸ்ரன் நகர உணவுச்சாலைகளைப் பற்றிய யெல்ப் மதிப்புரைகளில் ஏறக்குறைய 16 சதவீதம் ஐயத்துக்குரியவை என அந்நிறுவனத்தாலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. மதிப்புரைகள் குறைவாக உள்ள கடையும், அண்மையிற் கடுமையான குறைகூறலுக்கு உட்பட்ட கடையும் பொய்ப் புகழை நாடும் வாய்ப்பு மிகுதி என்றும், கிளைநிறுவனங்களிடையே அது குறைவென்றும் அவர்கள் காட்டினர். ஒத்த வகை உணவை விற்கும் போட்டிக் கடைகள் பெருகும்போது பொய்யான இகழ்ச்சியும் பெருகியது. விடுதிகள் பற்றி மேஸ்லின், டோவர், செவாலியே ஆகிய மூவரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வும் இதனையொத்ததே. தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியாவையும், எவரும் எழுதக்கூடிய ட்ரிப் அட்வைசரையும் அவர்கள் ஒப்பிட்டனர். அருகிலே சிறு உடைமையாளர் நடத்தும் விடுதி இருக்குமிடத்து, ட்ரிப் அட்வைசரில் இகழ்ச்சி கூடுதலாகக் காணப்பட்டது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். சிறு உடைமையாளர் இயல்பிலேயே நேர்மை குறைந்தவர் என்பதன்று இதன் பொருள். நட்சத்திரத்தின் ஏற்ற இறக்கம் யாருடைய வயிற்றைத் தொடுகின்றதோ, அவரே பொய்யை வாங்கத் தூண்டப்படுகின்றார். பெருமூலதனத்துக்கு அத்தேவை குறைவு. சிறு உடைமையாளர் தமக்குள் ஒருவரையொருவர் இகழ்ந்து மோதிக்கொள்ள, அம்மோதலின் களத்தை உடைமையாகக் கொண்ட நிறுவனம் இரு சாராருக்கும் விளம்பரம் விற்கின்றது. நமது நாட்டில் எல்லவிலோ அறுகம்பையிலோ நான்கைந்து அறைகளை வைத்து வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்திருப்போரும் இதே களத்திலேயே நிற்கின்றனர்.

விளம்பரம் வாங்க மறுத்ததாற் பாதகமான மதிப்புரைகள் முன்னிறுத்தப்பட்டன என அமெரிக்கச் சிறு வணிகர் சிலர் யெல்ப் மீது வழக்குத் தொடர்ந்தனர். அது நிகழ்ந்திருப்பினும் சட்டப்படி மிரட்டிப் பணம் பறித்தல் ஆகாதென மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014 செப்ரெம்பரில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் இத்தாலிய உணவுச்சாலை ஒன்று, தன்னைப் பற்றி ஒற்றை நட்சத்திர மதிப்புரை எழுதுவோருக்கு விலையில் 25 சதவீதக் கழிவு தருவதாக அறிவித்தது. வாடிக்கையாளரும் உற்சாகமாக இகழ்ந்து எழுதினர். நட்சத்திரத்தின் மதிப்பைத் தானே அழித்துவிட முனைந்த இவ்வெதிர்ப்பு நகைச்சுவை மிக்கதே. எனினும் எல்லாரும் பின்பற்றக்கூடிய வழியன்று.

அவ்வாறாயின், பாதகமான மதிப்புரைக்கு உள்ளான வணிகர் செய்யத்தக்கது யாது? முதலிற் செய்யவேண்டியது, எழுதப்பட்டதை மெய்யான குறை, மிகைப்பட்ட குறை, முழுப்பொய் என வேறுபடுத்துவதாகும். இது தோன்றுமளவுக்கு எளிதன்று. 2011 இல் கோர்ணெல் பல்கலைக்கழக ஆய்வாளர் சிக்காகோ நகரின் 20 விடுதிகளைப் பற்றி 400 மெய் மதிப்புரைகளையும் 400 பொய் மதிப்புரைகளையும் திரட்டிப் பரீட்சித்தனர். அவற்றைப் பிரித்தறிய முயன்ற மனிதர், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பவரைவிடச் சிறந்து விளங்கவில்லை. கணினிக்கு மட்டும் ஏறக்குறைய 90 சதவீதம் கைகூடியது. அக்கணினி கண்டுகொண்ட வேறுபாடு மொழியியல் மாணவரின் கருத்துக்கும் உரியது. மெய்யாகத் தங்கியவர் இடத்தைப் பற்றி எழுதினார்: குளியலறை சிறியது, எத்தனையாவது மாடி, எத்தெருவுக்கு அண்மை. பொய் எழுதியவரோ தாம் கணவருடன் வந்ததையும் விடுமுறையின் நோக்கத்தையும் விரித்து, 'நான்', 'எனது' என்பவற்றை மிகுதியாகப் பெய்தார். காணாத அறையின் அளவை அவரால் எவ்வாறு கூற இயலும்? ஆய்வுக்கான பொய் மதிப்புரைகளும் ஒன்றுக்கு 1 டொலர் கூலியிலேயே எழுதுவிக்கப்பட்டன என்பதையும் இடையே குறிப்பிடலாம். அறிவுலகமும் சந்தை விலையையே கொடுத்திருக்கின்றது.

எனவே வணிகர் தமது பதிவேட்டைப் பார்க்கவேண்டும். குறித்த நாளில் அவ்வறையில் எவரேனும் தங்கினரா, கூறப்பட்ட உணவு அன்று சமைக்கப்பட்டதா என்பவற்றை அது கூறும். பொய்யென உறுதியானால், அச்சான்றுகளுடன் தளத்துக்கு முறையிடுவதும், வாசகர் காணுமிடத்தில் அவ்வுண்மையைச் சுருக்கமாகப் பதிவதும் தகும். குறை மெய்யாயின் அதனை ஏற்று, திருத்திய வகையைக் கூறவேண்டும். இவ்வாறு விடையளிப்பது வெறும் பண்பாடு கருதியதன்று. புறசெர்ப்பியோவும் சேர்வாஸும் ரெக்சாஸ் மாநில விடுதிகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மதிப்புரைகளுக்கு விடையளிக்கத் தொடங்கிய விடுதிகளின் மதிப்பீடு சராசரியாக 0.12 நட்சத்திரம் உயர்ந்தது. மதிப்புரைகளின் தொகையும் 12 சதவீதம் கூடியது. பாதகமான மதிப்புரைகள் எண்ணிக்கையிற் குறைந்து, நீளத்தில் வளர்ந்தன. தாம் எழுதுவதை உரியவர் வாசித்து மறுமொழி கூறுவார் என அறிந்தவர், ஆதாரமின்றி இரண்டு வரியில் ஏசிவிட்டுச் செல்வதைத் தவிர்த்து, காரணங்காட்டி எழுதினார். உரையாடல் விமர்சனத்தின் தரத்தை உயர்த்துகின்றது என்பதற்கு இலக்கிய உலகுக்கு வெளியே கிடைத்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

புகழை விலைக்கு வாங்கியவர் பெற்றது வேறு. ஹீ, ஹொலன்பெக், புறசெர்ப்பியோ ஆகியோர் 2022 இல் வெளியிட்ட ஆய்வு, அமேசன் விற்பனையாளர் முகநூலின் மறைவான குழுக்கள் வாயிலாக மதிப்புரை வாங்கும் முறையை விவரிக்கின்றது. ஆள் திரட்டப்படுகின்றது, அவர் பொருளை மெய்யாகவே பணங்கொடுத்து வாங்கி, ஐந்து நட்சத்திரம் இட்டபின், அப்பணம் வேறு வழியில் அவருக்கு மீள்கின்றது. வாங்கியவரே எழுதினார் என்னும் சான்றும் இதனாற் பொருளற்றதாகின்றது. விற்பனை சிலகாலம் உயர்கின்றது. வாங்குவதை நிறுத்தியதும், ஏமாந்தோரின் ஒற்றை நட்சத்திரங்கள் வந்து குவிகின்றன.

வழக்கும் மிரட்டலும் இன்னும் ஆபத்தானவை. அமெரிக்காவில் இணைய வணிக நிறுவனம் ஒன்று, தன்னைக் குறைகூறி எழுதிய குடும்பத்திடம் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்து விதியொன்றைக் காட்டி 3,500 டொலர் கோரியது. இத்தகைய வாய்ப்பூட்டு விதிகள் செல்லாதென 2016 டிசம்பரில் அந்நாட்டில் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. பொய்யை ஒடுக்குதல் என்னும் பெயரில் மெய்யான முறைப்பாடும் ஒடுக்கப்படலாம் என்பதே இவ்விடயத்தின் மிகச் சிக்கலான பகுதி. விற்பவரிடம் பொருளும் பணமும் வழக்கறிஞரும் உண்டு. நுகர்வோரிடம் உள்ளது வாய் ஒன்றே.

அண்மைக்காலச் சட்டங்கள் இவ்விரு பக்கத்தையும் ஓரளவு உணர்ந்துள்ளன. 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழுவின் விதி, இயந்திரத்தால் ஆக்கப்பட்டவை உட்படப் பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்கின்றது. அச்சுறுத்திக் குறைகூறலை அடக்குவதையும் தடைசெய்கின்றது. மீறல் ஒன்றுக்கான தண்டம் அவ்வாண்டு 51,744 டொலர் வரை குறிக்கப்பட்டது. ஆயினும், பிறர் எழுதியதை வெளியிட்டமைக்காக மட்டும் தளங்களை இவ்விதி பொறுப்பாளியாக்கவில்லை. பிரித்தானியாவில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமோ, பொய்யைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமையைத் தளங்கள் மீதே சுமத்துகின்றது. உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம் வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கின்றது. ஒரு டொலர் கூலியாளையும் நலிந்த கடைக்காரரையும் தாண்டி, களத்தின் உடைமையாளரை நோக்கிச் சட்டத்தின் பார்வை திரும்பியுள்ளமை இதன் சிறப்பாகும். இது நடைமுறையில் எவ்வளவு பயன் தரும் என்பதை அளவிடத் தரவுகள் வேண்டும். பொஸ்ரன் ஆய்வு இயன்றதே, யெல்ப் தான் ஒதுக்கிய மதிப்புரைகளை அழித்துவிடாது எவரும் காணும்படி தனியே வைத்திருந்தமையாலாகும். சுவடின்றி நீக்கப்படும் மதிப்புரைகளை எண்ணிப் பார்க்க வெளியாருக்கு வழியில்லை.