படிக்காமல் போட்ட கையெழுத்து – ஜூடி ஹாலிடே

பழைய ஹாலிவுட் படங்களில் 'அழகான அசடு' என்று ஒரு டைப் உண்டு. பொன்னிறத் தலைமுடி, கீச்சுக் குரல், எதைச் சொன்னாலும் அரை நிமிஷம் கழித்துப் புரிகிற முகம். அந்த வேஷத்தை ஜூடி ஹாலிடே அளவுக்குச் செய்தவர் வேறு யாரும் இல்லை என்பேன். அந்த வேஷத்தை அவர் மேடையில் போட்டார், திரையில் போட்டார். மூன்றாவதாக இன்னொரு இடத்திலும் போட வேண்டியிருந்தது: அமெரிக்க செனட் விசாரணைக் குழுவின் முன்னால். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

ஜூடி 1921-ல் நியூயார்க்கில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜூடித் ட்யூவிம். எபிரேயத்தில் பண்டிகை நாட்களைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டிய பெயர் அது. பின்னாளில் அதையே ஆங்கிலமாக்கி 'ஹாலிடே' என்று வைத்துக்கொண்டார்.

முதல் வேலை நடிப்பு இல்லை. ஆர்சன் வெல்ஸ் நடத்திய மெர்க்குரி தியேட்டரில் டெலிபோன் ஸ்விட்ச்போர்டு ஆபரேட்டர். 1938 வாக்கில் பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் ஆகிய நண்பர்களோடு 'ரெவ்யூவர்ஸ்' என்ற குழு அமைத்து, வில்லேஜ் வான்கார்டு என்ற சின்ன கிளப்பில் நையாண்டி நிகழ்ச்சிகள் நடத்தினார். சில சமயம் அவர்களுக்குப் பியானோ வாசித்த இளைஞன் யார் தெரியுமா? லியோனார்ட் பெர்ன்ஸ்டைன்!

திருப்பம் 1946-ல் வந்தது. கார்சன் கேனின் எழுதிய 'பார்ன் யெஸ்டர்டே' நாடகத்தில் ஜீன் ஆர்தர் நடிப்பதாக இருந்தது. பிராட்வேக்கு வருவதற்கு முந்தைய வெள்ளோட்டத்திலேயே அவர் விலகிவிட்டார். அவசரமாக அழைக்கப்பட்ட ஜூடி சில நாட்களுக்குள் முழு வசனத்தையும் மனப்பாடம் செய்து மேடையேறினார். நாடகம் 1,642 காட்சிகள் ஓடியது.

கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், காரணம் பிறகு வரும். பழைய இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரனான ஒருவன், அரசியல்வாதியைக் கைக்குள் போட்டுக்கொள்ள வாஷிங்டன் வருகிறான். கூடவே அவன் காதலி பில்லி டான். அவன் சொத்துகள் பல அவள் பெயரில்தான் இருக்கின்றன. நீட்டிய காகிதத்தில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுவாள். நாகரிகம் கற்றுக்கொடுக்க ஒரு பத்திரிகையாளரை அமர்த்துகிறான். அவள் படிக்க ஆரம்பிக்கிறாள். படித்ததும் கேள்வி கேட்கிறாள். கடைசியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

கொலம்பியா நிறுவனத் தலைவர் ஹாரி கோன் படமாக்கும் உரிமையை வாங்கினார். ஆனால் ஜூடி வேண்டாம் என்றார். இங்கேதான் நண்பர்கள் ஒரு வேலை செய்தார்கள். கேனினும் அவர் மனைவி ரூத் கோர்டனும் எழுதி ஜார்ஜ் க்யூகர் இயக்கிய 'ஆடம்ஸ் ரிப்' (1949) படத்தில், கணவனைச் சுட்ட பெண்ணாக ஜூடிக்கு ஒரு துணை வேடம். ஜெயிலில் வக்கீல் கேத்தரின் ஹெப்பர்ன் அவரை விசாரிக்கும் காட்சி கட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் போகும். கேமரா பார்ப்பது ஜூடியின் முகத்தை. பெரிய நட்சத்திரமான ஹெப்பர்ன் மனமறிந்து ஒதுங்கி நின்றார். கோன் இறங்கி வந்தார். 1950-ல் வந்த 'பார்ன் யெஸ்டர்டே' படத்துக்காக ஜூடிக்கு ஆஸ்கர். தோற்றவர்கள் 'சன்செட் புலிவார்ட்' குளோரியா ஸ்வான்சனும் 'ஆல் அபவுட் ஈவ்' பெட்டி டேவிஸும்!

அதே 1950-ல் 'ரெட் சானல்ஸ்' என்ற கையேடு வெளியானது. கம்யூனிஸ்ட் சாய்வு உள்ளவர்கள் என்று 151 கலைத்துறையினரின் பட்டியல். அதில் ஜூடியும் ஒருவர். ஏதேதோ மனுக்களில் கையெழுத்துப் போட்டது, சில கூட்டங்களுக்கு ஆதரவு தந்தது, இவ்வளவுதான் குற்றச்சாட்டு. எஃப்.பி.ஐ. துருவியும் கட்சி உறுப்பினர் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் 1952 மார்ச் 26 அன்று செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு முன் ஆஜராக வேண்டியதாயிற்று. (பலர் நினைப்பதுபோல இது மெக்கார்த்தியின் குழு இல்லை. மெக்காரன் என்ற இன்னொரு செனட்டருடையது.)

அன்றைய நிலையில் வழிகள் மூன்றுதான். நண்பர்கள் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம். பதில் சொல்ல மறுத்து வேலையை இழக்கலாம், சிறைக்கும் போகலாம். அல்லது அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தின் பின்னால் நிற்கலாம். அதைச் செய்தாலும் ஊர் குற்றவாளி என்றே முடிவுகட்டும். ஜூடி நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். பில்லி டான் ஆனார். யாராவது உதவி கேட்டால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன், எனக்கு என்ன தெரியும், இப்போது ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்கிற தொனியில் பதில்கள். குழு விடாக்கண்டன் என்றால் இவர் கொடாக்கண்டன். கடைசிவரை ஒருவரைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதை வெறும் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரலை. பில்லி டான், படிக்கத் தெரிந்து கையெழுத்தை மறுத்து விடுதலை ஆனவள். ஜூடியோ தெரிந்தே போட்ட கையெழுத்துகளை, தெரியாமல் போட்டேன் என்று சொல்லித்தான் வெளியே வர முடிந்தது. அறிவாளி ஒருத்தி, தன் அறிவையே இல்லை என்று அரசாங்க ஆவணத்தில் பதிய வைக்க வேண்டியிருந்தது. நண்பர் ஒருவருக்குப் பின்னர் எழுதியபோது, பில்லி வேஷம் போட்டதற்காக நீ வெட்கப்படலாம், ஆனால் நான் பெயர்களைச் சொல்லவில்லை, அதனால் எனக்கு வெட்கமில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். வேஷம் கொடுத்த வலியும் அதைத் தாங்கிக்கொண்டதன் காரணமும் அதிலேயே இருக்கின்றன.

டி.வி., ரேடியோ கதவுகள் சில காலம் மூடியே இருந்தன. சினிமா பிழைத்தது. 'இட் ஷுட் ஹேப்பன் டு யூ' (1954) அவற்றில் ஒன்று. ஜாக் லெமனுக்கு முதல் பெரிய வேடம் கிடைத்த படம்.

1956-ல் பழைய கூட்டாளிகள் காம்டனும் கிரீனும் அவருக்காகவே 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' என்ற இசை நாடகம் எழுதினார்கள். வெளியே போனவர்களுக்கு வரும் போன் அழைப்புகளை வாங்கிச் சேதி சொல்லும் ஆபரேட்டர் வேடம். பழைய ஸ்விட்ச்போர்டுக்கே திரும்பிவிட்டார்! 924 காட்சிகள். 'மை ஃபேர் லேடி' ஜூலி ஆண்ட்ரூஸ் போட்டியில் இருந்தும் டோனி விருது ஜூடிக்கே. 1960-ல் வந்த அதன் படவடிவம்தான் அவருடைய கடைசிப் படம்.

மார்பகப் புற்றுநோய். 1965 ஜூன் 7 அன்று மறைந்தார். 44 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

'பார்ன் யெஸ்டர்டே' கிடைத்தால் பாருங்கள். அதில் சீட்டாட்டக் காட்சி ஒன்று வரும். பேச்சே அதிகம் இல்லை. பில்லி பாட்டு முணுமுணுத்தபடி சீட்டை அடுக்கி அடுக்கி அந்தக் கோடீஸ்வரனைத் தோற்கடித்துக்கொண்டே இருப்பாள். யார் அசடு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.