அகழ்கருவி சேகரிப்பு
படைத்துறை அகழ்கருவி சேகரிப்பு என்பது, படைவீரர்கள் பதுங்குகுழி தோண்டுவதற்காகச் சுமந்து சென்ற சிறு மண்வாரிகள், அவற்றின் உறைகள் முதலிய பழைய களப்பொருட்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும்.

வரலாறு
துப்பாக்கிகளின் சுடுதிறன் கூடியதால், வீரர்கள் களத்திலேயே விரைந்து மறைவிடம் தோண்ட வேண்டியதாயிற்று. டென்மார்க் படை அதிகாரி லின்னெமான், ஒருவரே சுமக்கக்கூடிய சிறு மண்வாரியை 1869 ஆம் ஆண்டில் உருவாக்கினார். இதன் வழிவந்த வடிவங்களைப் பல ஐரோப்பியப் படைகள் ஏற்றன. பிரித்தானியாவின் 1908 வகைக் கருவியில் இரும்புத்தலையும் மரப்பிடியும் தனித்தனியே கழற்றிச் சுமக்கப்பட்டன.

அரிய வகை
கனடாவின் மெக்காடம் கேடய மண்வாரி 1913 இல் காப்புரிமை பெற்றது. துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்கு இதன் தகட்டில் துளை இருந்தது. தகடு குண்டைத் தடுக்கவில்லை. துளை வழியே மண்ணும் ஒழுகியது. வாங்கப்பட்ட 25,000 மண்வாரிகளில் பெரும்பாலானவை பழைய இரும்பாக விற்கப்பட்டதால், எஞ்சியவை மிக அரியவை.

அடையாளம் காணல்
வடிவம் எளிதாதலால் போலிகள் செய்வதும் எளிது. எனவே முத்திரைகளே முதன்மைச் சான்றாகும். பிரித்தானியக் கருவிகளில் தயாரிப்பாளர் குறி, ஆண்டு, அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி ஆகியன காணப்படும். துருவை அரைத்து நீக்கினால் இவையும் அழிந்துவிடும்.

சட்டமும் பாதுகாப்பும்
முதலாம் உலகப் போர்க்களங்களில் வெடிக்காத குண்டுகள் இன்றும் புதைந்துள்ளன. பிரான்சில் வரலாற்றுப் பொருட்களை உலோகங்காணி கொண்டு தேடுவதற்கு 1989 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. காணாமற்போன வீரர்களின் எச்சங்கள் இக்களங்களில் இன்னும் கிடைத்து வருகின்றன. அருகில் கிடக்கும் பொருட்களே சிலவேளைகளில் அவர்களை அடையாளம் காண உதவுகின்றன. அவற்றைத் தோண்டி எடுத்துச் செல்வோர் அச்சான்றையும் அழித்து விடுகின்றனர்.