பேரும் இல்லமும்

'பேர்' என்பதற்குப் பொருள் யாது என்று மாணவனை வினவினால், 'பெயர் என்பதன் மரூஉ' என்பான். 'இல்லம்' என்பதற்கு 'வீடு' என்பான். இரண்டும் பிழையற்ற விடைகளே. ஆயினும் இலங்கையில், சபரகமுவ மாகாணத்து நிவித்திகல என்னும் சிற்றூரில், இவ்விரு சொற்களும் வேறு பொருளில் வழங்குகின்றன. அப்பொருளை எனக்குக் கற்பித்தவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர். கற்ற காலமோ ஒரே ஒரு மாலைப் பொழுது.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையை நெடுங்காலமாக வகுப்பில் நடத்தி வருபவன் நான். மதுரை மணிவீதியில் விளங்கிய மாணிக்கங்களின் குணமும் குற்றமும் அடிகளாரின் சொல்லால் அறிவேனேயன்றி, மணி பிறக்கும் மண்ணைக் கண்டதில்லை. ஆகவே அரையாண்டு விடுமுறையில் இலங்கை சென்றபோது, கொழும்பிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரத்தினபுரிக்குப் புறப்பட்டேன். அங்கே பேருந்து நிலையத்தில், மணிக்குழிகள் மிகுந்த நிவித்திகலவுக்கு எவ்வண்டி செல்லும் என்று தமிழில் வினவினேன். அருகில் நின்ற இளைஞர் முகம் மலர்ந்தார்.

"ஐயா தமிழ்நாடா? நானும் அங்கதான் போறேன், வாங்க. குழியையும் பாத்துட்டு எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்" என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். அரைமணி நேரத்தில் அவர் எனக்குத் 'தம்பி' ஆகிவிட்டார்.

வயலோரத்தில் சதுரமாய் இறங்கியிருந்தது குழி. பக்கங்கள் சரியாதவாறு மரச்சட்டங்கள் அடுக்கி, இடைவெளியில் காட்டுப் பெரணித் தழைகளைத் திணித்திருந்தனர். ஊறும் நீரை இயந்திரம் இறைத்தவண்ணம் இருந்தது. குழிக்காரர் சிங்களவர். தம்பி அவரோடு தெளிந்த சிங்களத்திற் பேசினார். "இப்போதுதான் இல்லம் கண்டிருக்காங்களாம்" என்று திரும்பி என்னிடம் கூறினார்.

நான் திகைத்தேன். குழிக்குள் ஏது இல்லம்? மணிகள் பொதிந்து கிடக்கும் சரளை மண்ணடுக்குக்குச் சிங்களத்தில் அப்பெயராம். நம் இல்லத்துக்கும் அதற்கும் உறவு கற்பிக்க நான் துணியேன். ஒலி ஒன்று, பொருள் வேறு. அந்தச் சரளையை மேலே ஏற்றி, மூங்கிற் கூடையில் இட்டு, நீரிற் சுழற்றிச் சுழற்றி அலசுகின்றனர். இலேசான மண்ணும் கல்லும் வெளியேற, கனமானவை அடியில் தங்குகின்றன. அன்று தங்கியவற்றுள் மணி ஒன்றுமில்லை. ஆயினும் எவர் முகமும் வாடவில்லை. குழியில் இறங்குவோர்க்கு நாட்கூலியன்று, கிடைப்பதிற் பங்கு என்பது மரபு. நாளைய நம்பிக்கையே அவர்க்கு முதல்.

"எங்களுக்குப் பங்கு இல்லீங்க ஐயா, பேர்தான்" என்றார் தம்பி. இரப்பர் மரங்களினூடே ஏறி, தேயிலைச் சரிவை அடைந்திருந்தோம்.

தோட்டத்திற் 'பேர்' என்றால் ஒரு நாளைய வேலை. அந்த வேலைக்குரிய கூலி. குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால், எத்தனை மாந்தர் என்பதன்று கேள்வி, எத்தனை நாட்கூலி என்பதே. செக்ரோல் என்னும் பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு நேரே விழும் குறியே அவரது சோறு. பெயர் கூலிக்கு ஆகி வந்தது. ஆகுபெயருள் இஃது எவ்வகை என்பதை மாணவர்களே ஆராய்க. எனக்கோ வேறொன்று தோன்றிற்று. மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டிப் பார்க்கும் வழக்கை இலக்கண நூல் எதிலும் நான் கண்டதில்லை.

தம்பியின் இருப்பிடம் லயத்தில் ஓர் அறையும் முன்தாழ்வாரமும். வெள்ளையர் வைத்த 'லைன்' என்னும் சொல்லை இம்மக்கள் 'லயம்' என்று இசையாக்கி விட்டனர். உள்ளிருந்து வந்தார் எண்பது வயது மூதாட்டி, தம்பியின் அப்பாயி. "வாங்க ஐயா, எந்த ஊரு?" என்றார். திருச்சிராப்பள்ளிப் பக்கம் என்றேன். சுடச்சுடப் பிளேன்டீயும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் வந்தன. அம்மையார் என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் பேரு அந்தப் பக்கம் விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரரு இந்தப் பக்கம் எழுதிக் குடுத்தாரு, எம்பேரு இங்கயே நின்னுச்சு. அழுகைக் கோச்சியில ஏத்திவிட்டதுதான். அப்புறம் பாக்கல."

கோச்சி என்பது புகைவண்டி. தாயகம் திரும்புவோரைத் தலைமன்னாருக்குச் சுமந்து சென்ற வண்டிக்கு இம்மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. பிரிவைப் பாடிய புலவர் பலர் நம் மொழியில் உளர். இரண்டே சொல்லில் இவ்வாறு பாடியவர் அரியர்.

அதன் வரலாறு இது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. செக்ரோலில் நாள்தோறும் இருந்த பேர், குடிமக்கள் ஏட்டில் இல்லாது போயிற்று. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 மக்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டன. தலைமன்னார்க் கப்பல் 1984-இல் நின்றது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது. இடையே 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இப்பகுதித் தோட்டங்கள் பட்ட துயரை அம்மையார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று அவர்களுக்கு நாடு உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாய் வாழும் அறைக்கு, காணி உறுதி பெறாதோர் இன்னும் பலர். மண்ணுக்கடியில் மணிக்கு இல்லம் இருக்கும் ஊரில், மண்மேல் வாழ்வோர்க்கு இல்லம் தம்முடையதாக இல்லை.

விளக்கின் ஒளியில் தம்பி ஒரு பயிற்சிப் புத்தகத்தை என்முன் வைத்தார். பிரட்டுக்களம், கவ்வாத்து, அரைப்பேர், கோச்சி என்று அப்பாயி வாய்ச் சொற்களையெல்லாம் பொருளுடன் எழுதியிருந்தார். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். தமிழில் உயர்வகுப்புப் படிக்கத் தொலைவு போகவேண்டும் என்பதால், சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகள் உளர். அவர்களை அவர் குறை கூறவில்லை. "அந்த மொழியும் வேணும் ஐயா. ஆனா அப்பாயிக்குப் பிறகு இந்தச் சொல்லையெல்லாம் யார்கிட்ட கேக்கிறது?" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்க ஊர்ப் புலவருங்க இதைத் தமிழ்னு ஒத்துக்குவாங்களா?" என்று வினவினார்.

"தம்பி, உழைப்பவன் வாயிற் பிறவாத சொல் எந்த மொழியிலும் நிலைத்ததில்லை. இந்தப் புத்தகத்தை நிறுத்தாதீர்கள்" என்றேன்.

விடை கூறுவது எளிது. அதனை மெய்ப்பிப்பது நம் கடன். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசற்காட்டுச் சொற்களுக்கு அகராதி கண்டார். வட்டார வழக்கை ஏளனம் செய்த காலம் அத்துடன் மாறத் தொடங்கிற்று. ஒப்பந்தத்தின்படி வந்தோரின் பிள்ளைகளும் பேரர்களும் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் நம் வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வீட்டு முதியோர் வாயில் அழுகைக் கோச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆசிரியர் ஒவ்வொருவரும் அத்தகைய மாணவன் ஒருவனிடம், 'உன் பாட்டி தோட்டத்தில் என்ன சொல் சொல்வார்?' என்று கேட்டு எழுதி வைத்தால் போதும். அம்மக்களின் பேர் அரையாகாமல், முழுப் பேராகத் தமிழில் நிற்கும். அவர்கள் சொல்லுக்கேனும் ஓர் இல்லம் கிடைக்கும்.