தாடை வலிக்குத் தகடு: 'கடி' எடுப்பது ஏன் முக்கியம்?

காலையில் எழுந்ததும் கன்னம் கனக்கிறது, காதுக்கு முன்னால் வலிக்கிறது, கொட்டாவி விட்டால் 'டொக்' என்று சத்தம் கேட்கிறது. இப்படிப்பட்டவர்களில் பலர் முதலில் போவது காது டாக்டரிடம்தான். அதில் தவறில்லை. 1934-இல் இந்தத் தொல்லைகளைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்திக் கட்டுரை எழுதிய அமெரிக்கரான ஜேம்ஸ் காஸ்டனும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்தான்!

காதில் கோளாறில்லை என்று தெரிந்தபின் பல் டாக்டரிடம் வருகிறார்கள். பலருக்கு மெதுவான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்குச் சில வார ஓய்வு ஆகியவையே போதும். (கொட்டைப்பாக்கைக் கடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.) வலி நீடித்தாலோ, தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் வழக்கம் இருந்தாலோ 'ஸ்பிளிண்ட்' என்ற தகடு செய்து தருவதுண்டு. இது ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும் கெட்டியான அக்ரிலிக் தகடு. இரவில் மாட்டிக்கொண்டு காலையில் கழற்றிவிடலாம்.

இதற்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுக்கும் அச்சு எடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. கதவையும் நிலையையும் தனித்தனியே அளந்துவிட்டுக் கீல் எங்கே என்று பார்க்காத தச்சனின் வேலை போலாகிவிடும். மேல்தாடையோடு கீழ்த்தாடை எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்ற மூன்றாவது பதிவும் வேண்டும். இதைத்தான் 'கடி எடுப்பது' என்கிறோம்.

"நன்றாகக் கடியுங்கள்" என்று சொல்லி மெழுகில் பதித்தால் என்ன? கடிக்கும்போது பற்களின் மேடு பள்ளங்கள்தாம் தாடையை இழுத்துச் செல்கின்றன. தசைகளும் பல வருடப் பழக்கத்தில் அதே வழியில் போகின்றன. மூட்டு தன் குழியில் சரியாக உட்காரும் இடம் அதுவல்ல. பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் சிறு வித்தியாசம் உண்டு. தகடு போட்டபின் பல்லும் பல்லும் தொடுவதில்லை. ஆகவே வழக்கமான தகட்டுக்கு மூட்டின் இடத்தையே பதிக்க வேண்டும்.

அதற்குப் பல வழிகள் இருக்கின்றன. பீட்டர் டாசன் பரப்பிய முறையில் நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைத்து, டாக்டர் தலைப்பக்கம் உட்கார்ந்து, இரு கைகளாலும் தாடையின் அடி விளிம்பைத் தாங்கி மெல்ல மேலே வழிநடத்துவார். மோவாயைப் பின்னால் தள்ளுவதல்ல இது. இன்னொரு வழி, முன்பற்கள் மட்டும் தொடும்படி சிறு தடை வைப்பது. 1964-இல் விக்டர் லூசியா விவரித்த அக்ரிலிக் துண்டு இவ்வகை. புத்தகம் போல மெல்லிய ஏடுகளைக் கோத்த 'லீஃப் கேஜ்' என்ற கருவியும் உண்டு. கடைவாய்ப் பற்கள் தொடாமல் சில நிமிடம் இருந்தால் தசைகள் பழைய வழியை மறந்து தளரும். அப்போது பக்கத்து இடைவெளியில் மெழுகோ சிலிகானோ வைத்துப் பதிப்பார்கள். மின்துடிப்பால் தசையைத் தளர்த்தும் இயந்திரமும் உண்டு. ஆனால் அதன் செலவுக்கேற்ற கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. கருவியைவிடப் பொறுமையும் பழகிய கையும்தான் பெரிது என்பது என் கருத்து.

மெழுகில் ஒரு சங்கடம். வட இந்தியக் கோடையில் அது லேபுக்குப் போய்ச் சேருமுன் வளைந்துவிடும். சிலிகான் அப்படியல்ல. இப்போது வாய்க்குள் ஸ்கேன் செய்தும் பதிக்கிறார்கள். அதிலும் தாடையைச் சரியான இடத்தில் நிறுத்துவது டாக்டரின் வேலைதான்.

இடைவெளியின் அளவும் கவனிக்க வேண்டியது. தகட்டின் கனம் கடைவாயில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் என்றால், அந்த அளவு வாய் திறந்த நிலையிலேயே பதிக்க வேண்டும். குறைவாகப் பதித்து, பிறகு லேபில் மாதிரிகளை விரித்துக்கொண்டால், தாடை சுழலும் வட்டம் மாறித் தகடு ஒரு பக்கத்திலோ கடைசிப் பல்லிலோ மட்டும் இடிக்கும்.

மூட்டுக்குள் இருக்கும் வட்டு நழுவிச் சத்தம் வருபவர்களில் சிலருக்கு, தாடையைச் சற்று முன்னுக்குக் கொண்டுவந்து, சத்தம் நிற்கும் இடத்தில் கடி எடுப்பதுண்டு. இந்தத் தகட்டை இரவும் பகலும் மாதக்கணக்கில் போட்டிருந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமலே போய்விடலாம். எவ்வளவு நாள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வாறே, வலிக்காகப் பற்களை ராவிக் கடியை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். தகட்டைக் கழற்றி வைக்கலாம். ராவிய பல் வளராது.

கடி எடுக்கும்போது நோயாளி செய்ய வேண்டியது, தாடையைத் தளர விடுவது. உதவி செய்வதாக நினைத்து முன்னே நீட்டாதீர்கள். வலித்தால் உடனே சொல்லுங்கள். கடும் வலி உள்ள நாளில் எடுத்த பதிவு நிலைக்காது. தசை தளரத் தளரத் தாடையின் இடம் சற்று மாறும். அதனால்தான் தகடு தந்தபின் ஓரிரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லி, வண்ணத்தாள் வைத்துக் கடிக்கச் செய்து, அழுத்தமாகப் பதியும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். போகும்போது தகட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.