இழுப்பது மோட்டார், நிறுத்துவது ஒயரிங்

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது எத்தனை டன் இழுக்கும் என்பதைத்தான். இழுத்துக்கொண்டிருப்பதை எப்படி நிறுத்துவது என்று கேட்பவர் அரிது. திருவண்ணாமலைத் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை புரியும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் உண்டு. தேர் எங்கே திரும்பவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில்தான் இருக்கிறது. ஜீப்பின் முன்னால் மாட்டும் மின் வின்ச்சில் அந்த வேலையைச் செய்வது சுவிட்சும் ஒயரிங்கும்.

அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் எழும்பி, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கும் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குத் தார்ச்சாலை இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் சாதாரணக் காரிலேயே போய்விடலாம். தார்ச்சாலையை விட்டு இறங்கினால்தான் கதை வேறு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படும் ஊர்களைச் சுற்றிய சிற்றூர்ப் பாதைகள் செம்மண்ணும் பாறையும் கலந்தவை. ஐப்பசி மழையில் செம்மண் குழைந்துவிட்டால், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியும் இருந்த இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

மலையில் இருப்பவர்கள் இதற்கு வின்ச்சைத் தேடுவதில்லை. டிராக்டர் வரும், இல்லாவிட்டால் கயிறும் ஆட்களும். வின்ச் மாட்டிய வண்டிகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரிலிருந்து வாரக்கடைசிக்கு ஏறிவரும் தார் ஜீப்புகளும் பழைய ஜிப்சிகளும். நியாயமாகப் பார்த்தால், சாமை மூட்டை ஏற்றி இறங்கும் பிக்கப்புக்குத்தான் அந்தக் கருவி அதிகம் தேவை. விலை அதை அங்கே போகவிடுவதில்லை. செலவு குறைந்த மாற்று ஒன்று உண்டு. மின்வாரியக்காரர்கள் கம்பம் தூக்கவும் கம்பி இழுக்கவும் வைத்திருக்கும் டிர்ஃபர் என்ற கைநெம்பு இழுவை அது. பேட்டரி வேண்டாம், ஒயரிங் வேண்டாம். நெம்புகோலை ஆட்டினால் கம்பிவடம் அங்குலம் அங்குலமாக வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். தோள்தான் வலிக்கும்.

மின் வின்ச் அந்த வலியை மோட்டாருக்கு மாற்றிய கருவி. அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948இல் தொடங்கிய நிறுவனம், போரிலிருந்து மிஞ்சிய ஜீப்புகளுக்கு முன்சக்கர லாக்கிங் ஹப் செய்து விற்று வளர்ந்தது. 1959இல் அது ஜீப்புக்கான மின் வின்ச்சைக் கொண்டுவந்தது. பின்னாளில் புகழ்பெற்ற அதன் 8274 என்ற மாடலின் பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: 8,000 பவுண்டு இழுவை, 1974ஆம் ஆண்டு.

உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடுதான். 12 வோல்ட் மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துத் திருகுவிசையைப் பெருக்கும் பல்சக்கர அடுக்குகள், கயிறு சுற்றும் டிரம், மோட்டார் நின்றதும் டிரம் பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக். வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆட்களும் சாமானும் ஏறிய தார் 2 டன்னைத் தாண்டிவிடும். ஆகவே 3 டன்னுக்கு மேல் தேவை. சந்தையில் அதிகம் புழங்கும் 9,500 பவுண்டு வின்ச் சுமார் 4.3 டன். ஆனால் இந்த எண் டிரம்மில் கயிற்றின் முதல் சுற்றடுக்குக்கு மட்டும்தான் பொருந்தும். மேலே அடுக்கு ஏற ஏற ஆரம் கூடி இழுவை குறையும். நான்காவது அடுக்கில் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். கப்பி ஒன்றைப் போட்டுக் கயிற்றை மடக்கிவிட்டால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அதைப் போல் ஓய்வு தருவது வேறில்லை.

பேட்டரியின் பாடு பெரியது. சுமையில்லாமல் கயிறு சுற்றும்போது வின்ச் 70, 80 ஆம்பியர் எடுக்கும். முழுச் சுமையில் 400ஐத் தாண்டும். வண்டியின் ஆல்டர்னேட்டர் நூறு ஆம்பியர் கொடுத்தாலே பெரிது. மீதி 300 பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டுதான் இழுக்கவேண்டும் என்பது இதனால்தான். மோட்டாரும் இடைவிடாத வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. கடுஞ்சுமையில் ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஆறவிடவேண்டும்.

400 ஆம்பியர் என்பதைக் கேபிள் எப்படி உணரும்? பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போக 2.5 மீட்டர், திரும்பிவர 2.5 மீட்டர், ஆக 5 மீட்டர் செம்புக் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். 35 ஸ்கொயர் எம்.எம். கேபிளில் சுமார் 1 வோல்ட் வழியிலேயே இழப்பு, 400 வாட் வெப்பம். காசை மிச்சம்பிடிக்க 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 2.2 வோல்ட், வெப்பம் 900 வாட்டுக்குக் கிட்டத்தட்ட. சுமையில் ஏற்கெனவே 11க்கும் கீழே இறங்கிவிட்ட பேட்டரி வோல்டேஜில் இன்னும் 2 போனால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? கேபிளின் உறை இளகத் தொடங்கும். மெல்லிழைகள் நிறைந்த, தரமான செம்பு வெல்டிங் கேபிளை வாங்கி, முனைகளில் செம்பு லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டுவது சரியான வேலை. சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்கும், சேசிஸில் துருப்பிடித்த ஒரு போல்ட்டில் கொடுத்த எர்த்தும் முதல் மழைவரைதான் தாங்கும். நெகட்டிவ் கேபிள் பேட்டரிக்கே திரும்பப் போகட்டும்.

இவ்வளவு மின்னோட்டத்தை விரலால் அழுத்தும் சுவிட்ச் தாங்காது. எனவே நடுவில் கான்டாக்டர். நம் எலக்ட்ரீஷியன்கள் வாயில் சொலினாய்டு. ரிமோட் பித்தான் சில ஆம்பியரை மட்டும் சொலினாய்டின் சுருளுக்கு அனுப்பும். சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் தடித்த செம்புத் தொடுமுனைகளை இழுத்து ஒட்டவைக்கும். பெரிய மின்சாரம் அதன் வழியே ஓடும். சீரிஸ் சுற்று மோட்டாரில் எதிர்த்திசைக்கு ஃபீல்டு சுருளின் திசையை மட்டும் மாற்றவேண்டும் என்பதால், பழைய வின்ச்சுகளில் நான்கு சொலினாய்டு ஒரே பெட்டியில் இருக்கும்: உள்ளே இழுக்க இரண்டு, வெளியே விட இரண்டு. புதியவற்றில் எல்லாம் சேர்ந்த ஒற்றைக் கான்டாக்டர் வருகிறது.

ஆபத்து உட்கார்ந்திருக்கும் இடம் இந்தப் பெட்டிதான். நீண்ட நேரம் இழுத்து பேட்டரி தளரும்போது சுருளின் காந்தவிசையும் தளரும். தொடுமுனைகள் அழுத்தமின்றித் துள்ளும், இடையில் பொறி பறக்கும், அந்தச் சூட்டில் செம்பும் செம்பும் பற்றிக்கொள்ளும். அதன்பின் பித்தானை விட்டாலும் வின்ச் நிற்காது. ரிமோட் பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. சாவியை அணைத்தாலும் நிற்காது. அவை எல்லாம் சுருளின் மின்சாரத்தைத்தான் வெட்டும். ஒட்டிக்கொண்ட செம்புக்குச் சுருளின் தயவு தேவையில்லை. கயிற்றின் நுனிக் கொக்கி வின்ச்சின் முன்னுள்ள உருளைவரை வந்து முட்டும். அடுத்து கயிறு அறுபடும், இல்லையேல் பம்பர் வளையும். நடுவே யாருடைய விரலாவது இருந்தால் அதை எழுத மனம் வரவில்லை.

இதற்கு மருந்து ஒரு கட் ஆஃப் சுவிட்ச். 500 ஆம்பியர் தாங்கக்கூடியதாக, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வின்ச்சுக்குப் போகும் கேபிளில் மட்டும் அதை மாட்டவேண்டும். வண்டியின் மொத்த மின்சாரத்துக்கும் பொதுவாக மாட்டினால், ஓடும் எஞ்சினில் திடீரெனப் பேட்டரியைக் கழற்றியதுபோல் ஆகி, ஆல்டர்னேட்டரும் எஞ்சின் கம்ப்யூட்டரும் கெடலாம். ஓட்டுநர் கைக்கு எட்டவேண்டும், வெளியே நிற்பவர் கைக்கும் எட்டினால் இன்னும் நல்லது. மோட்டார் போட்டி வண்டிகளில் வெளியிலிருந்தும் மின்சாரத்தைத் துண்டிக்க வழி வைப்பது எழுதப்பட்ட விதி. சாதாரண ஓட்டத்தில் இந்தச் சுவிட்ச் அணைந்தே கிடக்கட்டும். 400 ஆம்பியர் ஓடும் கேபிளுக்குப் பல வின்ச்சுகளில் ஃபியூஸ் கிடையாது. அப்படிப்பட்ட கேபிள் உயிரோடு போய் முடிவது விபத்தில் முதலில் நசுங்கும் முன்பம்பருக்கு.

கட்டுப்பாடுகளை எங்கே மாட்டுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து: சொலினாய்டு பெட்டியை வின்ச்சின் தலையில் உட்காரவைப்பதைவிட எஞ்சின் அறையில், பேட்டரிக்குப் பக்கத்தில், உயரமாக வைப்பது மேல். ஓடையைக் கடக்கும்போது பம்பர்தான் முதலில் முங்கும். புகைக்குழாய் பக்கம் மட்டும் கேபிள் போகக்கூடாது. தகட்டைத் துளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் குரோமெட் அவசியம். இல்லாவிட்டால் மலைப்பாதையின் அதிர்வில் தகட்டு விளிம்பு உறையை அறுத்துவிடும்.

டேஷ்போர்டில் வைக்கும் சுவிட்ச், விரலை எடுத்தால் நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் வகையாக இருக்கவேண்டும். தவறிக் கை படாதபடி மேலே ஒரு மூடியும். அதற்கான மின்சாரத்தை இக்னிஷனிலிருந்து, 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுக்கவேண்டும். அந்தச் சுற்றுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரே போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டேஷ் சுவிட்சையும் கை ரிமோட்டையும் இணையாகக் கொடுத்துவிட்டால் இரண்டும் வேலை செய்யும், பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருப்பவர் ‘இழு’ என்று அழுத்தும் அதே நொடியில் வெளியே இருப்பவர் ‘விடு’ என்று அழுத்தினால்? ஒன்றையொன்று தடுக்கும் பூட்டு இல்லாத பழைய பெட்டிகளில் நான்கு சொலினாய்டும் ஒருசேர ஒட்டி, பேட்டரி கிட்டத்தட்ட ஷார்ட் ஆகிவிடும். ஆகவே டேஷ் அல்லது ரிமோட், இரண்டில் ஒன்றுக்கு மட்டும் உயிர் கொடுக்கும் தேர்வுச் சுவிட்ச் ஒன்று கட்டாயம். வயர்லெஸ் ரிமோட் வசதியானதுதான்; அதன் பேட்டரி தீர்ந்துபோகும் இடம் எப்போதும் நடு மலையாகத்தான் இருக்கும். ஒயர் ரிமோட்டையும் வண்டியில் வைத்திருங்கள்.

பம்பர் விஷயத்தில் சட்டம் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவான வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றக்கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், முன்னால் பொருத்தும் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. ஏர்பேக் உள்ள வண்டியில் கனத்த இரும்பு பம்பர் மோதலின் வேகத்தை உணரும் சென்சாரையும் குழப்பலாம். சேசிஸோடு போல்ட் போடும், வண்டியின் சொந்த பம்பருக்குள் மறைந்து உட்காரும் தட்டே பாதுகாப்பானது. அதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புவடம் மலிவு, பாறையில் உரசினாலும் தாங்கும். அறுந்தால் சவுக்காக வீசும். செயற்கை இழைக் கயிறு எடை குறைவு, அறுந்தாலும் அவ்வளவு வேகத்தில் திரும்பாது. ஆனால் அது 150 டிகிரி செல்சியஸ் அருகில் உருகும், டிரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் வின்ச்சில் சுமையோடு நெடுநேரம் கயிறு விட்டால் டிரம் கொதிக்கும். எந்தக் கயிறானாலும் இழுக்கும்போது மேலே கனமான சாக்கோ போர்வையோ போடுவதும், ஆட்கள் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விலகி நிற்பதும் மாறாது.

ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியின்றி அதற்குள் வண்டியை விடுவதே குற்றம். சந்தனம் விளையும் காட்டில் வனத்துறையின் கண்காணிப்பும் அதற்கேற்றபடி இருக்கும். அனுமதியுள்ள பாதையில் சிக்கிக்கொண்டாலும் மரத்தில் இரும்புவடத்தை நேராகச் சுற்றாதீர்கள், பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். அகலமான துணிப்பட்டையும் ஷேக்கிளும் கையில் இருக்கட்டும். பாறை கிடைத்தால் அதுவே நல்லது.

மலை ஏறுவதற்கு முன்னால் போளூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு வெறும் மைதானத்தில் வண்டியை நிறுத்துங்கள். சுமையில்லாமல் கயிறு சுற்றிக்கொண்டிருக்கும்போது, ரிமோட் பித்தானிலிருந்து விரலை எடுக்காமலே, இன்னொருவரை விட்டு கட் ஆஃபைத் திருகச் சொல்லுங்கள். டிரம் உடனே நின்றால் மேலே போகலாம். நிற்காவிட்டால் நேராக எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.